மரத்தைச் சுற்றும் கால்கள்

அம்மா பால்வெட்டுக்குப் போன காலத்தில், பாடசாலை விடுமுறை நாட்களில் நானும் அவரோடு இறப்பர் மலைக்குப் போவேன். ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் இருட்டு கலைவதற்கு முன்னமே வேலை தொடங்கிவிடும். மரங்களுக்கிடையில் யார் நிற்கிறார்கள் என்று முகம் தெரியாது. பட்டையைச் சீவும் சத்தத்தை வைத்துத்தான் அம்மா எங்கே என்று கண்டுபிடிப்பேன். வெயில் ஏறுவதற்குள் சுமார் 300 மரம் வெட்டி முடிக்க வேண்டும். அந்த அவசரம் மரத்தின் இயல்பிலிருந்து வருவது. இரவில் இலை வழியாக நீர் அதிகம் வெளியேறாததால், விடியற்காலையில் பட்டைக்குள் ஓடும் பால்குழாய்களில் அழுத்தம் நிறைந்திருக்கும். கத்தி பட்டதும் பால் தானாக வடியும். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கும், பாலும் குறையும்.

அம்மா ஒரு மரத்தை வெட்டுவதை எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை முதலில் நீள இழையாக உரித்தெடுப்பார். பிறகு கத்தியை வெட்டின் மேல்முனையில் வைப்பார். அதற்குப் பிறகு அவருடைய கை அநேகமாக அசையாது. கால்தான் போகும். வெட்டுக்கோடு மரத்தின் பாதிச் சுற்றளவுக்குச் சாய்வாக இறங்கும். அந்தக் கோட்டின் கூடவே பாதங்கள் ஒன்று மாற்றி ஒன்று வலப்பக்கமாக நகரும், இடுப்பு திரும்பும், கத்தி உடம்போடு சேர்ந்து வரும். சீவி விழும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கலாம். கொஞ்சம் ஆழமாகப் போனால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள உயிர்ப்படையில் காயம் விழும். அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராமல் முண்டு கட்டிப் போகும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு அம்மா சொல்லிக் கொடுப்பது ஒரே ஒரு விசயம்: "கையால வெட்டாத புள்ள. கால வச்சு வெட்டு."

இருபது வருடம் கழித்து, கொழும்பில் ஒரு சின்ன மண்டபத்தில், தாய்ச்சி என்ற சீன உடற்கலை வகுப்பில் நின்றுகொண்டிருந்தபோது, ஆசிரியை என் தோளைத் தொட்டுச் சிங்களத்தில் கிட்டத்தட்ட இதையே சொன்னார். கையை நீ தூக்காதே, காலிலிருந்து வரட்டும் என்றார். நான் அந்த இடத்திலேயே அம்மாவை நினைத்துக்கொண்டேன். அன்றைக்குத் தொடங்கிய யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முதல் அம்மாவின் முதுகைப் பற்றிச் சொல்ல வேண்டும். இறப்பர் மரத்தில் முதல் வெட்டை நிலத்திலிருந்து சுமார் நாலடி உயரத்தில் திறப்பார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்றரை மில்லிமீட்டராகச் சீவிக்கொண்டு போனால், வருடத்துக்கு ஒரு சாண் அளவு பட்டை தீரும். முதல் வருடம் வெட்டுகிறவர் நேராக நிற்கிறார். இரண்டாம் வருடம் தலை குனிகிறது. நாலாம் ஐந்தாம் வருடத்தில் வெட்டு முழங்காலுக்குக் கீழே வந்துவிடும். அப்போது ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பு மடிந்தாக வேண்டும், நாளைக்கு முன்னூறு தடவை. ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பியல் வைத்தியர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் மனிதர்களின் கீழ்முதுகு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்கும்போதுள்ள அழுத்தத்தை 100 என்று வைத்தால், முன்னால் குனியும்போது அது சுமார் 150 ஆகிறது. கையில் சுமையும் இருந்தால் 200ஐத் தாண்டுகிறது. பால் வாளியோடு சரிவில் குனிகிற உடம்புக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதை நான் வகுப்புக்குப் போன பிறகுதான் கவனித்தேன். இறப்பர் வெட்டு எப்போதும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்துதான் போகும். பால்குழாய்கள் பட்டைக்குள் செங்குத்தாக ஓடாமல் சற்று வலமாகச் சாய்ந்து ஏறுவதால், இந்தப் பக்கமாகச் சாய்த்து வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஆகவே மரம் மாறலாம், மலை மாறலாம், தோட்டம் மாறலாம், வெட்டுகிறவரின் உடம்பு திரும்பும் பக்கம் மட்டும் மாறாது. முப்பது வருடம் ஒரே பக்கம். அம்மா நடக்கும்போது வலது தோள் சற்று முன்னால் வந்திருக்கும். வயதானால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

பெரியம்மா கொழுந்து எடுத்தவர். அவருடைய கதை கழுத்தில் இருந்தது. கூடைக் கயிறு உச்சந்தலையில் கிடக்கும்; கூடை நிறைய நிறைய அது பின்னால் இழுக்கும்; இழுப்புக்கு ஈடு கொடுக்கத் தலை முன்னால் நீளும். அந்த நீட்டம் கூடையை இறக்கி வைத்த பிறகும் போகவில்லை. வேலையை விட்டுப் பத்து வருடமாகியும், இஸ்தோப்பில் உட்கார்ந்து யாரையாவது பார்க்கும்போது, கண்ணுக்குத் தெரியாத கூடையொன்று முதுகில் தொங்குவது போலவே பெரியம்மா பார்ப்பார்.

என்னுடைய முதுகைக் கெடுத்தது கதிரை. கொழும்பில் கணினிக்கு முன்னால் வேலை. இரவில் கழுத்திலிருந்து தோள் வரைக்கும் கல் வைத்தது போலிருக்கும். கூட வேலை செய்த அக்கா ஒருவர்தான் வகுப்புக்குக் கூட்டிப் போனார். ஆசிரியை அறுபது கடந்த சிங்களப் பெண்மணி, பல வருடம் பினாங்கில் இருந்து அங்கே சீனக் குடும்பமொன்றிடம் கற்றவர். முதல் கிழமை முழுக்க அவர் ஓர் அசைவும் சொல்லித் தரவில்லை. நிற்கச் சொன்னார். பாதங்கள் தோளகலம், விரல்கள் நேராக, முழங்கால் பூட்டாமல், வால் எலும்பு கீழே தொங்க, தலை மேலே. ஐந்து நிமிடத்தில் தொடை நடுங்கியது. நிற்பதற்குக்கூட எனக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

இரண்டாம் கிழமை நடக்கச் சொன்னார். இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தாய்ச்சியின் முழு உடம்பும் இதற்குள்தான் இருக்கிறது. இடது காலில் முழு எடையும் இருக்க வேண்டும். வலது கால் வெறுங்குடம் போல, எடையே இல்லாமல், முன்னால் போய்க் குதிகாலை மட்டும் தொட வேண்டும். தொட்ட பிறகும் எடை போகக்கூடாது. அந்த நேரத்தில் யாராவது வலது காலைத் தூக்கி வேறிடத்தில் வைத்தாலும் உடம்பு அசையாமல் நிற்க வேண்டும். பிறகு குதிகாலிலிருந்து பாதம் முழுவதும் மெல்லப் படிய, எடை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு எண்ணெய் ஊற்றுவது போல இறங்க வேண்டும். வலது கால் நிறைந்த பிறகே இடது கால் காலியாகும். காலியான பிறகே அது நகரலாம். சீன ஆசான்கள் இதை நிறைவு, வெறுமை என்று பிரித்துச் சொல்கிறார்கள். சாதாரணமாக நாம் நடப்பது அப்படியில்லை. முன்னால் விழுந்து, விழுவதற்குள் காலை வைத்துத் தாங்கிக்கொள்கிறோம். இளமையில் தாங்கும் கால் நேரத்துக்கு வந்துவிடும். எழுபது வயதில், மழையில் ஊறிய செம்மண் படியில், அது நேரத்துக்கு வராமல் போகலாம்.

தாய்ச்சி ஏன் இத்தனை மெதுவாக இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். வேகமாகப் போனால் உடம்பு குறுக்குவழி எடுத்துவிடும் என்பதுதான் பதில். வேகத்தின் உந்துதலே ஒரு காலிலிருந்து மறு காலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும், தசைக்கு வேலை இருக்காது. மெதுவாகப் போகும்போது ஒற்றைத் தொடை முழு உடம்பையும் பத்து விநாடி தாங்க வேண்டியிருக்கிறது. கணுக்காலிலும் முழங்காலிலும் இடுப்பிலும் தசைக்குள்ளும் மூட்டுக்குள்ளும் இருக்கும் உணர்நரம்புகள், உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஓயாமல் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. கண்ணும் உட்காதும் அதே வேலையைச் செய்கின்றன. வயது ஏறினால் இந்த மூன்றும் மங்குகின்றன. மெதுவான அசைவு அந்தச் செய்திகளைக் கேட்பதற்கு நேரம் கொடுக்கிறது. சிறு சாய்வு வந்த உடனேயே திருத்தலாம். பெரிய சாய்வாகிக் கையை வீசிப் பிடிக்க வேண்டிய நிலை வராது.

இந்தக் கலை பிறந்த ஊராகச் சொல்லப்படுவது சீனாவின் ஹெனான் மாகாணத்திலுள்ள சென்ஜியாகோ என்ற கிராமம். சென் குடும்பத்தாரின் ஊர். 17ஆம் நூற்றாண்டில், மிங் அரசு வீழ்ந்த பிறகு, சென் வாங்திங் என்ற படைவீரர் அங்கே ஒதுங்கியிருந்து, தானறிந்த சண்டை முறைகளோடு மூச்சுப் பயிற்சியையும் சேர்த்து இதை உருவாக்கினார் என்பது மரபு. வூதாங் மலைத் துறவி சாங் சான்ஃபெங்தான் மூலவர் என்று பழங்கதையும் உண்டு. அது கதையாகவே இருக்கட்டும். பல தலைமுறை வரை சென் குடும்பத்துக்கு வெளியே இது போகவில்லை. ஹெபெய் மாகாணத்தின் யோங்னியானைச் சேர்ந்த யாங் லூச்சான் (1799–1872) அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சென் சாங்சிங்கிடம் கற்று, பின்னால் பெய்ஜிங் சென்று அரச குடும்பத்தாருக்கும் காவற்படைக்கும் கற்பித்தார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ (1883–1936) அதிலிருந்த துள்ளல்களையும் திடீர் வெடிப்புகளையும் எடுத்துவிட்டு, ஒரே சீரான வேகத்தில், அகன்ற அசைவுகளாக ஆக்கினார். நோயாளியும் முதியவரும் செய்யக்கூடிய உருவம் அங்கேதான் கிடைத்தது. இன்றைக்கு உலகம் முழுவதும் பூங்காக்களில் காண்பது பெரும்பாலும் யாங் வழி அல்லது அதிலிருந்து வந்ததுதான்.

யாங் வழியின் நீண்ட மரபு அசைவுத் தொடரை முழுவதும் செய்ய இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் அதைச் சுருக்கி 24 அசைவாக்கியது. ஐந்தாறு நிமிடத்தில் முடியும். தொழிற்சாலைகளிலும் பாடசாலைகளிலும் அதைத்தான் பரப்பினார்கள்.

1956 என்றதும் எனக்கு எங்கள் மரம் ஞாபகம் வருகிறது. 1952 டிசம்பரில் இலங்கையும் சீனாவும் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தன. ஐந்து வருடத்துக்கு, வருடம் 50,000 தொன் இறப்பர் இங்கிருந்து போக வேண்டும், 270,000 தொன் அரிசி அங்கிருந்து வர வேண்டும். எங்கள் கேகாலை மாவட்டம் இறப்பர் மாவட்டம். அம்மாச்சி வெட்டிய மரங்களின் பாலும் அந்தக் கப்பல்களில் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் லயத்து அடுப்பில் வெந்த சோற்றில் அந்த அரிசியும் இருந்திருக்கும். எங்கள் பாட்டிமார் மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் சீனத்தில் அந்த 24 அசைவுகளும் அடுக்கப்பட்டன. இறப்பரும் அரிசியும் கடலைத் தாண்டிப் போய்வந்தன. உடம்பைப் பேணும் அறிவு எங்கள் லயங்களுக்கு வந்து சேர எழுபது வருடமும் போதவில்லை.

யாங் செங்ஃபூ தன் மாணவர்களுக்குப் பத்து நெறிகள் சொன்னார். அவற்றில் முதலாவது தலையைப் பற்றியது. உச்சந்தலையை மேலிருந்து ஒரு நூல் தாங்குவது போல, கழுத்தில் விறைப்பே இல்லாமல், தலை உயர்ந்திருக்க வேண்டும். இதை முதலில் கேட்டபோது பெரியம்மாவின் கூடைக் கயிறு என் கண்ணில் வந்து நின்றது. அவருடைய உச்சந்தலையிலும் கயிறு இருந்தது. அது கீழும் பின்னும் இழுத்த கயிறு. இது மேலே தூக்கும் கயிறு. பயிற்சியில் செய்வது ஒரு சிறு காரியம்: நாடியைச் சற்று உள்ளே வாங்கி, பின்கழுத்தை நீளவிடுவது. அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்த உடனே முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும் தனித்தனியாகக் கீழே இறங்க இடம் கிடைக்கிறது. தோள் தானாக விழுகிறது. தோளைப் பின்னால் தள்ளி நெஞ்சை நிமிர்த்து என்று பாடசாலையில் சொல்லித் தந்தார்களே, அது இதில் இல்லை. நெஞ்சை நிமிர்த்தினால் இடுப்பு முன்னால் வளைந்து கீழ்முதுகு நெரியும். தாய்ச்சியில் நெஞ்சு தளர்ந்திருக்கும், முதுகு அகன்றிருக்கும், நிமிர்வு உச்சந்தலையிலிருந்து வரும்.

இன்னொரு நெறி இடுப்பைப் பற்றியது. அதைத் தளர விடு என்கிறார்கள். எல்லாத் திருப்பமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கால் நிலத்தைத் தள்ளுகிறது, இடுப்பு அதைத் திருப்புகிறது, முதுகு கொண்டுபோகிறது, கை அதை வெளியே காட்டுகிறது. கை தனியாக எதையும் செய்வதில்லை. அம்மாவின் கத்தி போன வழி இதுதான். ஒரு மில்லிமீட்டர் ஆழம் தவறாத அந்தக் கைக்குப் பின்னால் இருந்தது ஓயாமல் எடை மாற்றிக்கொண்டிருந்த இரண்டு பாதங்கள். அந்த அறிவு எங்கள் பெண்களிடம் ஏற்கனவே இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த அறிவில் பாதியை மட்டும் வேலை பயன்படுத்தியது. வலப்பக்கம் திரும்பியது, இடப்பக்கம் திரும்பவில்லை. குனிந்தது, நிமிரவில்லை. விட்டுப்போன பாதியைத் திரும்ப எடுப்பதற்கு ஒரு வழி வேண்டும். சுருக்கிய 24 அசைவுத் தொடரில், குதிரையின் பிடரிமயிரைப் பிரித்தல் என்ற அசைவு இடம், வலம், இடம் என்று மாறி மாறி வரும். குருவியின் வாலைப் பற்றுதல் என்ற நாலு பகுதி அசைவு முதலில் இடப்பக்கமும் பிறகு வலப்பக்கமும் வரும். பழைய நீண்ட தொடரில் அது பெரும்பாலும் வலப்பக்கம்தான். சுருக்கம் என்றால் தரம் குறைவு என்று மரபு வழியில் நிற்கும் சிலர் நினைப்பதுண்டு. ஒரு பக்கமே வளைந்து போன உழைப்பாளி உடம்புக்குச் சுருக்கிய தொடர்தான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் மரபு வகுப்பு எதற்கு? அங்கே கிடைப்பது வேறு. இரண்டு பேர் மணிக்கட்டோடு மணிக்கட்டு வைத்து நின்று, ஒருவர் தள்ள மற்றவர் விலகி, விலகியவர் திருப்பித் தள்ளும் பயிற்சி உண்டு. தள்ளும் கை என்பார்கள். அசைவின் பொருள் அங்கேதான் விளங்கும். நான் நிமிர்ந்து நிற்கிறேன் என்று எனக்குத் தோன்றலாம். எதிரே நிற்பவரின் விரல் ஒன்று தோளைத் தொட்டதும் பின்னால் போய்விட்டால், நின்றது வெறும் தோற்றம். சிலம்பத்தில் கம்பைத் தொடுவதற்கு முன் காலடி கற்றுத் தருவதும் இதற்காகத்தான். தோட்டத்துப் பொங்கல் விழாக்களில் சிலம்பம் சுற்றும் பெரியவர்களின் காலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

பலன் பற்றி வைத்தியர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1996இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில், 70 வயதைத் தாண்டிய 200 பேரிடம் 15 கிழமை நடத்திய ஆய்வில், தாய்ச்சி செய்தவர்கள் திரும்பத் திரும்ப விழும் ஆபத்து 47.5 சதவீதம் குறைந்திருந்தது. 2018இல் ஒரிகனில் ஃபூசோங் லீயின் குழு, விழும் ஆபத்து அதிகமுள்ள 670 முதியவர்களை எடுத்து, கிழமைக்கு இரண்டு வகுப்பாக 24 கிழமை பயிற்றியது. உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களை விடத் தாய்ச்சி செய்தவர்கள் விழுந்தது 58 சதவீதம் குறைவு. முழங்கால் தேய்மானத்துக்கு, பொஸ்டனில் சென்சென் வாங் 204 பேரிடம் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், 12 கிழமைத் தாய்ச்சி வழக்கமான இயன்மருத்துவச் சிகிச்சைக்குச் சமமாக வலியைக் குறைத்தது. பார்க்கின்சன் நோயாளிகளின் சமநிலைக்கும் உதவியதாக 2012இல் லீயின் இன்னோர் ஆய்வு காட்டியது. இவர்கள் அளந்தது விழுவதையும் வலியையும் சமநிலையையும்தான், முதுகு எத்தனை பாகை நிமிர்ந்தது என்பதை அல்ல. கூனல் முழுவதும் போய்விடும் என்று எந்த ஆசிரியராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். எலும்பு உருமாறிய பிறகு அது திரும்பாது. திரும்புவது, அந்த எலும்பைச் சுற்றியுள்ள தசையின் பழக்கம்.

கெடுதலும் வரும். என் சொந்த அனுபவம்: மூன்றாம் மாதத்தில், சுவரொட்டியில் பார்த்த சீன வீராங்கனை போலத் தாழ நிற்க ஆசைப்பட்டு, முழங்காலைப் பாதவிரலுக்கு அப்பால் தள்ளிக்கொண்டு பழகினேன். இரண்டு மாதம் படி இறங்க முடியாமல் போனது. ஆசிரியை என்னை நாலு விரற்கடை உயர்த்தி நிற்க வைத்தார். முழங்கால் எப்போதும் பாதத்தின் இரண்டாம் விரல் பார்க்கும் பக்கமே பார்க்க வேண்டும் என்றார். திரும்பும்போது பாதத்தை நிலத்தில் பூட்டிவிட்டு முழங்காலை முறுக்குவதுதான் அதிகம் பேர் செய்யும் பிழை. எடையைப் பின்னால் வாங்கி, குதிகாலில் பாதத்தைத் திருப்பிய பிறகே உடம்பு திரும்ப வேண்டும். வீடியோவைப் பார்த்துப் பழகுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது, கையின் அழகைத்தான் திரையில் பார்ப்பார்கள். நல்ல ஆசிரியர் யாரென்று கேட்டால், உங்கள் கையைத் திருத்துவதற்கு முதல் காலைப் பார்க்கிறவர் என்று சொல்வேன். ஒரு மணி நேரத்தில் பத்து அசைவு காட்டுகிறவரிடமிருந்து கும்பிட்டு வந்துவிடலாம்.

இப்போது நான் ஊரோடு வந்துவிட்டேன். இங்கே தாய்ச்சி வகுப்பு கிடையாது; கொழும்புக்குப் போய்வர, அவிசாவளை பஸ்ஸிலேயே பாதி நாள் போகும். வேலைக்கு வந்ததாகப் பேர் விழ வேண்டிய நாளில் எந்தப் பெண்ணால் அப்படிப் போக முடியும்? 1934–35 மலேரியாக் காலத்தில் இந்தக் கேகாலைப் பகுதியில் சனம் கூட்டங்கூட்டமாகச் செத்தபோது, இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேராவும் சூரியமல் என்ற காலனித்துவ எதிர்ப்பு இயக்கத்தாரும் மருந்தையும் உணவையும் கிராமங்களுக்குள்ளேயே கொண்டு போனார்கள். 1936இல் ருவான்வெல்லை மக்கள் பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். வீட்டு வாசலுக்கு வந்த உதவியை இந்த ஊர் மறக்கவில்லை. முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் அந்த மாதிரி வாசலுக்கு வருகிற ஏற்பாடு வேண்டும். பெரிய இடம் தேவையில்லை. குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் முற்றம் போதும், கோயில் முன்றில் போதும். உடுப்பு வாங்க வேண்டாம், கருவி வேண்டாம். ஓர் ஆளுக்கு ஒரு பாய் அளவு நிலம் இருந்தால் எடை மாற்றப் பழகலாம்.

மழைநாளில் பால்வெட்டு இல்லை. அப்படி ஒரு நாள், இஸ்தோப்பில் நான் பழகுவதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார். தூணைப் பிடித்தபடி நிற்கச் சொன்னேன். எடையை இடது காலுக்கு வாங்கச் சொன்னேன், வலது கால் காலியாகட்டும் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் வாங்கிவிட்டார். வகுப்பில் எனக்கு மூன்று கிழமை எடுத்த காரியம் அது. குதிகால் முன்னால் போய்த் தொட்டது, பாதம் படிந்தது, எடை இறங்கியது.

"இது பால்வெட்டு நடதானே புள்ள," என்றார்.

"ஆமாம்மா. ஆனா இப்ப மற்றப் பக்கம் திரும்புங்க."

அங்கே நின்றுவிட்டார். இடப்பக்கம் இடுப்பு திரும்பவில்லை. தோள் மட்டும் திரும்பப் பார்த்தது, கை தூணை இறுக்கியது. வெறும் காற்றில் மரம் இருந்த பக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது, மற்றப் பக்கம் தெரியவில்லை. நான் பின்னால் போய் அவருடைய இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் கை வைத்து, நாடியைக் கொஞ்சம் உள்ளே வாங்குங்க, தலைய மேல விடுங்க என்றேன். மூச்சை ஒருதரம் விட்டார். இடுப்பு ஓர் அங்குலம் திரும்பியது. ஓர் அங்குலம்தான்.

ஓட்டின் மேல் மழை பலமாகப் பிடித்திருந்தது. அம்மா தூணிலிருந்து கையை எடுக்காமலே, இன்னொருதரம் பண்ணிப் பார்ப்போம் என்றார்.